பின்னேற்புக்கு வரும் பொருள்கள்: பேரூராட்சி மன்றத்தின் அன்றாட அதிகாரம் பற்றி

பேரூராட்சி மன்றக் கூட்டத்துக்கான அழைப்போடு உறுப்பினர் வீட்டுக்கு வந்து சேரும் பொருள் நிரலுக்கு நெடுங்காலமாக மாறாத ஓர் உருவம் உண்டு. முதலில் பொருள், அதன்கீழ் 'பார்வை' என்ற தலைப்பில் சில அரசாணை எண்களும் மேலலுவலகக் கடித எண்களும், பிறகு அலுவலகக் குறிப்பு, கடைசியில் 'மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும்' என்ற முத்தாய்ப்பு. மின்மோட்டார் பழுது பார்த்த செலவு, பிளீச்சிங் பவுடர் வாங்கிய செலவு, தெருவிளக்குச் சாமான்களுக்கான விலைப்புள்ளி, சந்தைக் குத்தகை எனப் பொருள்கள் வரிசையாக வரும். அவற்றுள் கணிசமானவை பின்னேற்புக்காக வருபவை. பணி முடிந்திருக்கும், சில வேளைகளில் பணமும் கொடுக்கப்பட்டிருக்கும். மன்றம் அதை ஏற்றுக்கொண்டதாக ஒரு தீர்மானம் வேண்டும், அவ்வளவுதான்.

உள்ளாட்சியைப் பற்றிய நம் ஆய்வுகள் தேர்தலையும் இடஒதுக்கீட்டையும் நிதிப்பகிர்வையும் விரிவாகப் பேசியிருக்கின்றன. இந்த நிரலை அதே அக்கறையோடு படிக்கவில்லை. சிற்றூர்களின் தன்னாட்சியை மதிப்பிட, மன்றத்துக்கு எத்தனை அதிகாரங்கள் எழுதித் தரப்பட்டுள்ளன என்று எண்ணுவது போதாது. ஒரு பொருள் எங்கே பிறந்தது, எந்தக் கட்டத்தில் மன்றத்தின் முன் வந்தது என்று பார்க்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பேரூராட்சி என்ற அமைப்பின் நிலையே ஊசலாட்டமானது. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்கீழ் கிராம ஊராட்சிகளோடு சேர்ந்து இருந்த இவற்றுக்கெனத் தனி இயக்ககம் 1981இல் ஏற்பட்டது. 1993 ஜூன் 1இல் நடைமுறைக்கு வந்த 74ஆவது அரசியலமைப்புத் திருத்தம், கிராமத்திலிருந்து நகரமாக மாறிக்கொண்டிருக்கும் பகுதி என்று இத்தகைய ஊர்களை வரையறுத்தது. ஆனால் 2004 ஜூனில் தமிழகத்தின் 561 பேரூராட்சிகளும் ஓர் ஆணையால் 'சிறப்புக் கிராம ஊராட்சி'களாயின. ஊரக வளர்ச்சித் திட்டங்களின் நிதி அவற்றுக்கும் கிடைக்கட்டும் என்பது காரணம். ஆட்சி மாறியதும் 2006 ஜூலையில் அவை மீண்டும் பேரூராட்சிகளாயின. இரண்டே ஆண்டுகளில் ஓர் ஊர் நகரமாக, கிராமமாக, மறுபடி நகரமாக ஆனது. இந்த மாற்றங்களைத் தொடங்கிவைத்தது எந்த ஊர் மன்றமும் அல்ல. இன்று பேரூராட்சியோடு இணைக்கப்படவிருக்கும் கிராம மக்கள் நூறு நாள் வேலை போய்விடும், வீட்டு வரி ஏறும் என்று ஆட்சியர் அலுவலகத்தின் முன் நிற்பதை, வளர்ச்சிக்கு எதிரான அறியாமை என்று ஒதுக்குபவர்கள் இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். ஊரின் பெயர்ப்பலகையில் ஒரு சொல் மாறினால் அடுப்பில் என்ன மாறும் என்பது அவர்களுக்குத் தெரியும்.

வரியை எடுத்துக்கொள்வோம். 2022 பிப்ரவரி 19 அன்று 490 பேரூராட்சிகளுக்குத் தேர்தல் அறிவிக்கப்பட்டிருந்தது. வென்றவர்கள் மார்ச் 2இல் பதவியேற்றார்கள். ஏறத்தாழ ஒரு மாதத்தில் சொத்து வரிச் சீராய்வு பற்றிய அரசின் அறிவிப்பு வந்துவிட்டது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடிக்குக் குறைவான குடியிருப்புகளுக்கு 25 விழுக்காடு, 1,800 சதுர அடிக்கு மேற்பட்டவற்றுக்கு 100 விழுக்காடு என உயர்வின் படிநிலைகளும் அதிலேயே இருந்தன. உயர்வு தேவையற்றது என்று நான் சொல்லவில்லை. பல ஆண்டுகளாகத் தொடாத வரி அது. பதினைந்தாவது நிதிக்குழுவும், சொத்து வரிக்குக் குறைந்தபட்ச வீதத்தை அறிவிக்காத மாநிலங்களின் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்கு மானியம் இல்லை என்று நிபந்தனை விதித்திருந்தது. ஆயினும் நிகழ்ந்ததன் வரிசையைக் கவனிக்க வேண்டும். டெல்லியில் ஒரு நிபந்தனை, சென்னையில் ஓர் ஆணை, அதன்பின் ஊரில் ஒரு தீர்மானம். வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போன வார்டு கவுன்சிலர், அதே வீடுகளுக்கு வரியை உயர்த்தும் தீர்மானத்துக்கு முதல் சில கூட்டங்களிலேயே கை தூக்க வேண்டியிருந்தது. பில் கலெக்டரிடம் வாசலில் நடக்கும் சண்டைக்கும் அவரே பதில் சொல்ல வேண்டும். முடிவு வேறிடத்தில், பழி ஊரில்.

திட்டப் பணிகளிலும் இதே வரிசைதான். சாலைக்கோ வடிகாலுக்கோ நிதி ஒரு திட்டத்தின் பெயரில் வரும், எதற்குச் செலவிடலாம் என்ற வரையறையோடு. மதிப்பீடு தயாரிக்கும் பொறியாளர் பெரும்பாலும் பல பேரூராட்சிகளுக்குப் பொதுவானவர். இந்த ஊருக்கு அவர் வரும் நாளைப் பொறுத்தே பணிகளின் வேகம் அமைகிறது. சிறிய ஊர்களுக்குத் திறன் இல்லை, ஆகவே அதிகாரம் தரலாகாது என்று சொல்பவர்கள், அந்தத் திறனை ஊருக்குள் வைக்காமல் வெளியே நிறுத்திவைத்த நிர்வாக ஏற்பாட்டைக் கணக்கில் கொள்வதில்லை. கட்டட அனுமதியும் ஊரை விட்டு நகர்ந்து வருகிறது. 2024 ஜூலை முதல் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீட்டுக்குச் சுயசான்றின் பேரில் இணையத்திலேயே அனுமதி பெறலாம். வீடு கட்டுபவருக்கு இது பெரிய நிம்மதி. அதே சமயம், எந்தத் தெருவில் எத்தனை வீடு எழும்புகிறது என்ற செய்தி மன்றத்தின் மேசைக்கு வர வேறு வழி இன்னும் உருவாகவில்லை.

அப்படியானால் ஊருக்கென்று எஞ்சியிருப்பது என்ன? சந்தை. பேரூராட்சிகளைச் சிறப்பு நிலை, தேர்வு நிலை, முதல் நிலை, இரண்டாம் நிலை என்று பிரிப்பது ஆண்டு வருமானம்தான். அந்த வருமானத்தில் ஊர் தானே தேடிக்கொள்வது பெரிதும் ஏலத்தில் கிடைக்கிறது. வியாழக்கிழமை அய்யலூரில், புதன்கிழமை மேச்சேரியில், சனிக்கிழமை எட்டயபுரத்தில் கூடும் ஆட்டுச் சந்தைகளை விடியற்காலையில் பார்த்தவர்களுக்கு, ஓர் ஊரின் பொருளாதாரம் எதன்மேல் நிற்கிறது என்று விளக்க வேண்டியதில்லை. குற்றாலத்தில் சீசன் கடைகள், வாகன நிறுத்தம், கட்டணக் கழிப்பறை என்று ஊருக்கு ஊர் ஏலப் பொருள் மாறும்.

குத்தகை எடுத்தவர் சந்தை வாசலில் ஆட்டுக்கும் கூடைக்கும் சுங்கம் வசூலிப்பார். எவ்வளவு என்பது பேரூராட்சி நிர்ணயித்தது. அந்தக் கட்டணப் பலகை எங்கே தொங்குகிறது, மழை நாளில் சேறாகும் தரைக்கு யார் கிராவல் கொட்டுவது, ரசீது கொடுக்கிறார்களா என்ற கேள்விகளில் மன்றம் உயிரோடு இருப்பதைக் காணலாம். இங்கே உறுப்பினருக்குத் தகவல் தெரியும். போன ஆண்டு எவ்வளவுக்குப் போனது, கேட்பவர்கள் தமக்குள் கூடிப் பேசிக்கொண்டார்களா, இரண்டு முறை ஏலம் கேட்க ஆளின்றிப் போனது ஏன் என்பதை அரசாணை எதுவும் அவருக்குச் சொல்ல முடியாது. பொருள் ஊரில் பிறக்கும்போது விவாதமும் பிறக்கிறது. கொள்ளையும் இங்கே பிறக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது. ஏலமே விடாமல் நாள் கடத்தி, தினசரி வசூல் என்ற பெயரில் கசிய விடுவதற்கும் இதே இடம்தான் வாய்ப்பு.

தண்ணீரிலும் ஓரளவு இப்படித்தான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் ஊருக்கு வரும் நீரின் அளவு குடிநீர் வடிகால் வாரியத்தின் கையில். மேல்நிலைத் தொட்டியில் ஏறிய பிறகு எந்தத் தெருவுக்கு எந்த நேரம் என்பது ஊரின் கையில். வால்வைத் திறந்துவிடும் பணியாளர் விடுப்பில் போனால் கடைக்கோடித் தெருவுக்கு அன்று குழாயில் காற்றுதான் வரும். அந்தத் தெரு பெரும்பாலும் ஊரின் எந்தச் சாதியார் வாழும் தெரு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். நீர்ப் பங்கீட்டு நேரம் எழுத்தில் தீர்மானமாகும்போதுதான் அந்தத் தெருக்காரர்கள் அதைக் காட்டிக் கேட்க முடியும்.

மன்றம் இல்லாமலேயே இவையெல்லாம் நடக்குமே என்ற வாதத்துக்கு அண்மைய வரலாறு ஒரு சோதனையைத் தந்திருக்கிறது. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலின் அறிவிக்கையைச் சென்னை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. மன்றங்களின் ஐந்தாண்டுக் காலம் அம்மாதமே முடிந்தது. நகர்ப்புறத் தேர்தல் 2022 வரை நடக்கவில்லை. ஐந்தாண்டுக்கும் மேலாகத் தனி அலுவலர்கள் மன்றத்தின் அதிகாரத்தைச் செலுத்தினார்கள். விளக்கு எரிந்தது, குப்பை அள்ளினார்கள், தீர்மானங்களும் பதிவாயின. கேட்கப்படும் கேள்விக்கும் தரப்படும் அனுமதிக்கும் நடுவே நின்ற ஆட்கள் மட்டும் இல்லை. மன்றம் முன்பே பெரும்பாலும் பின்னேற்பு வழங்கும் இடமாகச் சுருங்கியிருந்ததால்தான் அந்த இன்மையைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது என்று நான் கருதுகிறேன். பழுது தேர்தல் தள்ளிப்போனதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

தமிழகத்தில் உள்ளாட்சி பற்றிப் பேசத் தொடங்கினால் உத்திரமேரூர் வந்துவிடும். முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 ஆண்டுக் கல்வெட்டுகளில் குடவோலையைக் கொண்டாடுகிறோம். அது நிலமுள்ள பிராமணர்களின் சபை என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. எனக்கு அதில் குடத்தைவிட முக்கியமாகப் படுவது வேறொரு விதி. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் மீண்டும் வாரியத்துக்கு வர முடியாது. அதே உத்திரமேரூர் இன்று ஒரு பேரூராட்சி. இன்றைய வேட்பாளர்கள் வேட்புமனுவுக்கு முன் வரி பாக்கி இல்லை என்ற ரசீதுக்காக அலுவலகத்தில் வரிசையில் நிற்கிறார்கள். கடந்த முறை மன்றத்தில் இருந்தபோது கைதூக்கிய தீர்மானங்களுக்கு அவர்களிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை. பின்னேற்பு மன்றத்தில் அப்படிக் கேட்பதும் நியாயமாக இராது.

2023 ஏப்ரல் முதல் மாநகராட்சி தொடங்கிப் பேரூராட்சி வரை எல்லாவற்றுக்கும் 1998ஆம் ஆண்டு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் பொதுவாகியிருக்கிறது. அதற்கு முந்தைய ஆண்டில், நவம்பர் 1 உள்ளாட்சிகள் தினத்தன்று, நகர்ப்புற வார்டுகளில் பகுதி சபைகள் கூடத் தொடங்கின. கிராம சபையைப் பார்த்து ஏங்கிய பேரூராட்சி மக்களுக்கு இது நல்ல தொடக்கம். அங்கே ஒரு பெண் எழுந்து கால்வாய் அடைப்பைச் சொல்கிறார், ஒருவர் எழுதிக்கொள்கிறார். அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரல் வரும்போது, அரசாணை எண்களும் இயக்குநரின் கடித எண்களும் நிற்கும் அந்தப் 'பார்வை' வரிகளில், இன்ன வார்டுப் பகுதி சபை, இன்ன நாள் என்று ஒரு வரி சேர்ந்திருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும்.