திரும்பி வராத ஆறு பேர்

ஃப்ரடெர்னிட்டி என்றதும் ஹாலிவுட் படங்களில் வரும் பீர் பார்ட்டிதான் பலருக்கும் ஞாபகம் வரும். எனக்கும் அப்படித்தான் இருந்தது. அமெரிக்கக் கல்லூரிகளில் கிரேக்க எழுத்துகளைப் பெயராகச் சூட்டிக்கொண்ட மாணவர் சங்கங்கள் இவை. ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ள கிளைக்கு 'சாப்டர்' என்று பெயர். ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா என்ற சங்கத்தின் முதல் சாப்டரைப் பற்றிப் படித்த பிறகு என் எண்ணம் கொஞ்சம் மாறியது.

இடம், நியூயார்க் மாநிலத்தில் இதாகா ஊரிலுள்ள கார்னெல் பல்கலைக்கழகம். யார் வேண்டுமானாலும் எந்தப் பாடம் வேண்டுமானாலும் படிக்கலாம் என்பது அதன் நிறுவனர் எஸ்ரா கார்னெலின் கொள்கை. கறுப்பின மாணவர்களுக்கும் அங்கே அட்மிஷன் உண்டு. ஆனால் 1904-05ல் படித்த ஆறு கறுப்பின மாணவர்களில் ஒருத்தர்கூட அடுத்த வருஷம் திரும்பி வரவில்லை.

இது அடுத்து இருந்தவர்களை உறுத்தியது. கதவு திறந்துதான் இருக்கிறது. உள்ளே போனால் துணைக்கு ஆள் இல்லை. வெள்ளை மாணவர்களுக்குத் தங்க இடம், சீனியர்களின் உதவி, அறிமுகங்கள் எல்லாம் ஃப்ரடெர்னிட்டி வழியாகக் கிடைத்தன. கறுப்பின மாணவர்கள் அந்த வீடுகளுக்குள் போனது உணவு பரிமாறும் வேலைக்குத்தான்.

முதலில் ஒரு இலக்கியக் குழுவாகக் கூடினார்கள். அப்புறம் ஒரு விவாதம் கிளம்பியது: இது வாசிப்புக் குழுவாகவே இருந்தால் போதுமா, நாமும் ஒரு ஃப்ரடெர்னிட்டி ஆக வேண்டுமா? குழுவைத் தொடங்கிவைத்த பாயின்டெக்ஸ்டர் முதல் தரப்பு. அவர் விலகிக்கொண்டார். 1906 டிசம்பர் 4 அன்று ஏழு மாணவர்கள் சங்கத்தை நிறுவினார்கள். 1907லேயே வாஷிங்டனின் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் இரண்டாவது சாப்டர் வந்துவிட்டது.

அந்த ஏழு பேரில் முதல் தலைவரான ஜார்ஜ் கெல்லி சிவில் இன்ஜினியரிங் மாணவர். பின்னாளில் நியூயார்க் மாநிலத்தில் பதிவுபெற்ற முதல் கறுப்பினப் பொறியாளர் ஆனார். வெர்ட்னர் டாண்டி அதே மாநிலத்தின் முதல் கறுப்பினக் கட்டடக் கலைஞர். மார்ட்டின் லூதர் கிங் 1952ல், பாஸ்டனில் படிக்கும்போது இந்தச் சங்கத்தில் சேர்ந்தார். வாஷிங்டனில் 2011ல் திறக்கப்பட்ட அவருடைய நினைவகத்துக்கு யோசனை சொல்லி, நிதி திரட்டும் வேலையையும் முன்னெடுத்தது இந்தச் சங்கம்தான்.

இதைப் படிக்கும்போது எனக்கு என் பி.இ. முதல் வருஷ ஹாஸ்டல் ஞாபகம் வந்தது. எங்கள் வரிசையில் கடைசி அறையில் ஒரு பையன் இருந்தான். தமிழ் மீடியம். முதல் செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போனவன் திரும்பி வரவில்லை. ஏன் என்று எங்களில் யாரும் விசாரிக்கவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் கட்டிலில் எங்கள் துணிகள் காய்ந்துகொண்டிருந்தன.

கார்னெலில் அந்த ஏழு பேர் செய்த முதல் வேலை இதுதான் என்று நினைக்கிறேன்: காலியான இடங்களை எண்ணிப் பார்த்தார்கள். எத்தனை பேர் சேர்ந்தார்கள் என்ற கணக்கு எல்லாக் கல்லூரியிலும் இருக்கிறது. எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்ற கணக்கை யாராவது ஒருத்தர் எடுத்தாக வேண்டும்.