பெட்டிக்குள் பெட்டி

எழுதுவது பாதி வேலை. எழுதியதைத் தேடுவது மீதி வேலை. ஆகையால்தான் கம்ப்யூட்டரில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராக அடுக்கி வைக்கிறோம். அந்த அடுக்கை நாம் ஒவ்வொன்றாக அமைக்காமல், ஒரு ஸ்கிரிப்டே அமைத்துக் கொடுத்துவிடுகிறது. இவ்வளவு சாதாரணக் காரியத்துக்கும் ஒரு சரித்திரம் உண்டு; அதில் கொஞ்சம் திருட்டும் உண்டு.

ஸ்கிரிப்டைச் சோம்பல் பெற்ற பிள்ளை என்றே சொல்லலாம். லூயி பூஸான் என்ற பிரெஞ்சுக்காரர் 1963-64 வாக்கில் அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் இருந்தார். ஒரே கட்டளைகளைத் திரும்பத் திரும்பத் தட்டச்சு செய்து அலுத்துப்போய் 'ரன்காம்' என்ற புரோகிராமை எழுதினார். கட்டளைகளை ஒரு கோப்பில் வரிசையாக எழுதி வைத்துவிட்டால் போதும். யந்திரம் படித்துப் படித்து நிறைவேற்றும். சோம்பேறிகளைத் திட்டுகிறவர்கள் கவனிக்க வேண்டும்.

ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்ற ஏற்பாட்டை, 'மல்டிக்ஸ்' என்ற பெரிய திட்டத்துக்காக டேலி, நியூமன் என்ற இருவர் 1965-ல் ஒரு கட்டுரையில் விவரித்தார்கள். அந்தத் திட்டத்திலிருந்து 1969-ல் பெல் ஆராய்ச்சிக்கூடம் விலகிக்கொண்டது. அங்கே இருந்த கென் தாம்ஸன், பழைய பி.டி.பி.-7 யந்திரம் ஒன்றில் யூனிக்ஸை ஆரம்பித்தார். அதில் ஃபோல்டர்கள் இருந்தன. ஆனால் யந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போது புதிதாக ஒன்று அமைக்க வழி கிடையாது! காகித நாடாவிலிருந்து எல்லாவற்றையும் அடியோடு திரும்ப ஏற்றும்போது அமைத்தால்தான் உண்டு. குடிவந்த பிறகு ஓர் அலமாரிகூட அடிக்க முடியாத வீடு மாதிரி.

பிற்பாடு 'எம்கேடிர்' என்ற கட்டளை வந்து அந்தக் குறை தீர்ந்தது. திருட்டு இங்கேதான் நுழைகிறது. 1979-ல் வந்த ஏழாம் பதிப்பு யூனிக்ஸில், ஃபோல்டரை உண்டாக்கும் அதிகாரம் 'ரூட்' என்ற சர்வாதிகாரிக்கு மட்டுமே. எனவே எம்கேடிர் அவருடைய முத்திரையைக் கடன் வாங்கிக்கொண்டு ஃபோல்டரை உண்டாக்கும். அதற்கப்புறம் 'இனி இது இவருடையது' என்று கேட்டவர் பெயருக்கு மாற்றி எழுதும். இரண்டுக்கும் நடுவே ஒரு கணம் இடைவெளி. கெட்டிக்காரன் ஒருவன் அந்தக் கணத்தில் புது ஃபோல்டரை நீக்கிவிட்டு, அதே பெயரைக் கடவுச்சொற்கள் இருக்கும் கோப்புக்குச் சூட்டிவிட்டால்? கடவுச்சொல் கோப்பே அவன் சொத்தாகிவிடும். பட்டா மாற்றுகிற வேளையில் நிலத்தையே மாற்றி வைக்கிற வித்தை! 1983-ல் பெர்க்லி சர்வகலாசாலையார் வெளியிட்ட யூனிக்ஸில் இவ்வேலை முழுவதையும் யூனிக்ஸின் உட்கருவே ஒரே மூச்சில் செய்யும்படி வைத்தார்கள், சந்து அடைபட்டது.

ஒரு தொல்லை மட்டும் பாக்கி. தாய் ஃபோல்டர் இல்லாமல் குழந்தையை உண்டாக்கச் சொன்னால் எம்கேடிர் மறுத்துவிடும். அதோடு 'பி' என்ற எழுத்தைச் சேர்த்துவிட்டால், தாய் பாட்டி முப்பாட்டி என்று யார் யார் இல்லையோ அத்தனை பேரையும் தானே உண்டாக்கிக்கொள்ளும். 1992-ல் போசிக்ஸ் தரவிதியிலும் இது இடம் பெற்றது.

நான் எழுதும் நாவலுக்கு 3 பாகம். பாகத்துக்கு 12 அத்தியாயம். அத்தியாயத்துக்குப் பிரதி ஒன்று, குறிப்பு ஒன்று. ஸ்கிரிப்டில் கடைசி அடுக்கிலுள்ள 72 ஃபோல்டர்களுக்கு மட்டும் வழி சொல்லியிருக்கிறேன், உண்டாவது 112. மறுபடி ஓட்டினாலும் கோபிப்பதில்லை. இருப்பதைத் தொடாமல், இல்லாததை மட்டும் நிரப்பிவிட்டுப் போகிறது.