கோட்டுக்கு எத்தனை சுதந்திரம்?

கணினியில் இயந்திர உறுப்புகளை வரைகிறவர்கள் இன்று கோட்டை நேராக இழுப்பதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. கோணல்மாணலாக நாலு கோடு போடுவார்கள். பிறகு, இது படுக்கைக் கோடு, இது செங்குத்து, இவை இரண்டும் இணை, இதன் நீளம் 50 மில்லிமீட்டர் என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். சொல்லச் சொல்லப் படம் தானே நிமிர்ந்து உட்காரும். 50 என்பதை 80 ஆக்கினால் மற்றக் கோடுகள் தாமாக நகர்ந்து இடம் விடும். இப்படிச் சொல்லும் நிபந்தனைகளுக்கு வடிவியல் கட்டுப்பாடுகள் என்று பெயர். இந்த வித்தைக்குப் பின்னால் நூறாண்டுக்கு மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அதில் ஒரு பெண்மணியின் பெயர் நெடுநாள் விடுபட்டுப் போயிருந்தது. அவருக்காகவே இந்தப் பதிவு.

என் தலைமுறை அலுவலக ஊழியர்களுக்கு வரைபடம் என்றால் டிரேசிங் தாளும் நீல நகலும்தான். கட்டடத்தின் அகலத்தை அரை மீட்டர் கூட்டச் சொல்லி மேலிருந்து குறிப்பு வந்தால், வரைவாளர் பிளேடால் மையைச் சுரண்டி, அந்த அகலத்தைத் தொட்ட எல்லாக் கோடுகளையும் மறுபடி போட வேண்டும். எந்தக் கோடு எதைச் சார்ந்திருக்கிறது என்பது தாளுக்குத் தெரியாது, வரைந்தவர் மண்டையில் மட்டுமே இருக்கும். அவர் மாற்றலாகிப் போனால் அதுவும் கூடவே போய்விடும்.

கணினிக்கு அந்தச் சார்பு எப்படித் தெரிகிறது? எண்ணிப் பார்த்துத்தான். நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதை ‘தெக்ரே த லிபெர்த்தே’ என்பார்கள், அதாவது சுதந்திரப் படிகள். லிபெர்த்தே என்ற சொல்லை அரசியலில் முழங்கலாம், எண்ண முடியாது. வடிவியலில் எண்ணலாம். தாளில் ஒரு புள்ளி இடம் வலமாக நகரலாம், மேல் கீழாக நகரலாம். ஆகவே அதற்கு 2 சுதந்திரம். நாலு புள்ளிக்கு 8. ஒவ்வொரு நீளத்தையும் நிர்ணயிக்கும்போது ஒரு சுதந்திரம் குறையும். ஆனால் படம் முழுவதும் உருக்குலையாமல் இரு திசையில் நகரலாம், சுழலவும் செய்யலாம். அந்த 3 எப்போதும் மிச்சம். எனவே நாற்கரம் ஆடாமல் நிற்க 8-இல் 3 போக 5 நீளங்கள் வேண்டும். பக்கங்கள் நாலுதான். ஐந்தாவதுதான் மூலைவிட்டம். மரச்சட்டக் கதவு சரிந்துவிடாமலிருக்க தச்சர் குறுக்கே ஒரு சட்டம் அடிக்கிறாரே, அதே கணக்கு.

இந்தக் கணக்கை 1864-இல் பாலங்களின் இரும்புச் சட்டகங்களுக்காக எழுதியவர் ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். (பெயரில் மட்டும்தான் கிளார்க், நம்மைப் போல் கோப்பு தள்ளியவர் அல்லர்!) மூட்டுகளின் எண்ணிக்கையை இரண்டால் பெருக்கி 3-ஐக் கழித்தால் எத்தனை சட்டம் தேவை என்பது தெரிந்துவிடும்.

ஆனால் எண்ணிக்கை சரியாக இருந்தால் மட்டும் போதாது. ஒரு பக்கத்தைப் பொதுவாகக் கொண்டு ஒட்டியிருக்கும் இரண்டு சதுரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். 6 மூட்டுகள், ஆகவே தேவை 9 சட்டங்கள். பக்கங்கள் 7, இன்னும் 2 மூலைவிட்டம் போடலாம். சதுரத்துக்கு ஒன்றாகப் போட்டால் உறுதியாக நிற்கும். இரண்டையும் ஒரே சதுரத்தில் போட்டால் மொத்தம் அதே 9-தான், ஆனால் ஒரு சதுரத்தில் ஒன்று வீண், மற்றது ஆடிக்கொண்டிருக்கும். மொத்த ஒதுக்கீடு சரி, பங்கீடு தவறு. அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

முழுச் சட்டகத்துக்கும் மட்டுமல்லாமல் அதன் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே இந்தக் கணக்குப் பார்க்க வேண்டும், எந்தப் பகுதியிலும் வரம்புக்கு மேல் சட்டம் இருக்கக் கூடாது என்று 1927-இல் நிறுவியவர் ஹில்டா கெய்ரிங்கர். 1893-இல் வியன்னாவில் பிறந்து பெர்லின் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய கணித மேதை. யூதர் என்பதால் 1933-இல் நாஜி ஆட்சியில் வேலை பறிபோனது. சிறு மகளுடன் பிரஸ்ஸல்ஸ், பிறகு இஸ்தான்புல், 1939-இல் அமெரிக்கா என்று ஊர் ஊராகப் போனார். கடைசியில் மாசசூசெட்ஸில் ஒரு சிறிய மகளிர் கல்லூரியில் பல ஆண்டுகள் பாடம் நடத்தினார். அவருடைய தேற்றமோ ஒரு ஜெர்மன் இதழின் பக்கங்களிலேயே தூங்கிவிட்டது.

1970-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த ஹெரார்ட் லாமன் அதே தேற்றத்தைத் தாமாகக் கண்டுபிடித்து வெளியிட்டார். அவர் மேல் குற்றமில்லை, முந்தையது அவருக்குத் தெரியாது. உலகம் அதை லாமன் தேற்றம் என்றே பல காலம் அழைத்தது. கெய்ரிங்கர் 1973-இல் காலமானார். அண்மைக் காலத்தில்தான் ஆய்வாளர்கள் இருவர் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கினார்கள்.

இதற்கிடையில் கணினி வந்துவிட்டது. 1963-இல் ஐவன் சதர்லண்ட் என்ற 24 வயது இளைஞர், எம்.ஐ.டி.யில் தம் முனைவர் ஆய்வுக்காக ‘ஸ்கெட்ச்பேட்’ என்ற நிரலைச் செய்தார். டி.எக்ஸ்.-2 என்ற பெரிய கணினியின் திரையில் ஒளிப் பேனாவால் கோடு போட்டு, இவை இணை, இவை சமம் என்று சொன்னால் அது கேட்டுக்கொண்டது. முதலில் ஒவ்வொரு நிபந்தனையாக வரிசைப்படி தீர்க்கப் பார்க்கும். வரிசை அமையாவிட்டால் ஒவ்வொரு புள்ளியையும் சிறிது சிறிதாக நகர்த்தி, மொத்தப் பிழையைக் குறைத்துக்கொண்டே வரும். கயிற்றுக் கட்டிலைச் சுற்றிச் சுற்றி இறுக்குவது போல. ஒரு பாலச் சட்டகம் சுமையில் எப்படி வளைகிறது என்பதையும் அதில் காட்டினார். மாக்ஸ்வெல் தொடங்கிய இடத்துக்கே கணினியும் வந்து சேர்ந்தது!

சாதாரணப் பொறியாளர் கைக்கு இது வர மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. லெனின்கிராடிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய சாமுவேல் கெய்ஸ்பெர்க் 1985-இல் தொடங்கிய நிறுவனம், ‘புரோ/இன்ஜினியர்’ என்ற மென்பொருளை 1980களின் இறுதியில் சந்தைக்குக் கொண்டுவந்தது. அதன் பின் அளவை மாற்றினால் உருவமே மாறுவது வழக்கமாயிற்று. 1989-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் தொடங்கிய ‘டி-கியூப்ட்’ என்ற நிறுவனம் கட்டுப்பாடுகளைத் தீர்க்கும் கருவியைத் தனியாகவே செய்து பல மென்பொருள் நிறுவனங்களுக்கு விற்றது.

இன்று இலவசமாகக் கிடைக்கும் ‘ஃபிரீகேட்’ மென்பொருளில் வரைந்தால் இன்னும் எத்தனை சுதந்திரம் மிச்சம் என்று அதுவே எண்ணிச் சொல்லும். எண்ணிக்கை சுழியமானால் கோடுகள் பச்சையாகும். செவ்வகத்தின் ஒரு மூலையைப் பொருத்தி, இரண்டு பக்கங்களைப் படுக்கையாகவும் இரண்டைச் செங்குத்தாகவும் ஆக்கி, நீள அகலம் கொடுத்தால் 2, 4, 2 என்று எட்டும் தீர்ந்துவிடும். அதற்கு மேல் எதிர்ப்பக்கங்கள் சமம் என்று சொன்னால் அது தேவையற்ற கட்டுப்பாடு. கீழ்ப்பக்கம் 50, மேல்பக்கம் 51 என்று சொன்னால் அது முரண்பாடு. முன்னது கூறியது கூறல், பின்னது நடக்கவே நடக்காத உத்தரவு. இரண்டையும் மென்பொருள் பிரித்துச் சுட்டிக்காட்டும்.

ஒன்று மட்டும் எண்ணிக்கைக்கு அப்பாற்பட்டது. மூன்று பக்க நீளம் கொடுத்தால் முக்கோணம் உறுதி, ஆனால் உச்சி அடிக்கோட்டுக்கு மேலும் இருக்கலாம், கீழும் இருக்கலாம். இரண்டும் சரியான விடைகளே. கணினி பெரும்பாலும் நாம் முதலில் கிறுக்கியதற்கு அருகில் உள்ள விடையைத்தான் பிடிக்கும். அளவைப் பெரிதாக மாற்றும்போது சில நேரம் படம் திடீரென்று குப்புறப் புரள்வது இதனால்தான். ஆகவே முதல் கிறுக்கலையும் ஓரளவு விகிதம் பார்த்தே போட வேண்டும். கூடுமானவரை அளவையும் சிறிது சிறிதாக மாற்ற வேண்டும்.

வீட்டில் பொறியியல் படிக்கும் பேரன் பேத்தி இருந்தால், அந்தக் கோடுகள் ஏன் பச்சையாகின்றன என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்லிவிடுவார்கள், கெட்டிக்காரப் பிள்ளைகள். அப்படியே ஹில்டா கெய்ரிங்கர் என்ற பெயரையும் அவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.