துருவச் சோதியும் ஒரு பழைய வினாவும்



முப்பத்தைந்து ஆண்டுகள் கரும்பலகையின்முன் நின்றவன் நான். ஒருநாள் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, வடதுருவ வானத்தில் பச்சை ஒளி தோன்றுவது ஏன்?" என்று வினவினான். "கதிரவனிலிருந்து வரும் எலெக்ட்ரான்கள் நேரே நம் காற்றில் வந்து மோதுவதால்" என்றேன். அவன் அமர்ந்துவிட்டான். நான் கூறியது பாதி உண்மையே என்பதைப் பிற்காலத்தில்தான் அறிந்தேன். அந்தப் பாதி உண்மைக்கும் ஒரு வரலாறு உண்டு.

பூமியே ஒரு பெரிய காந்தம் என்று 1600ஆம் ஆண்டில் வில்லியம் கில்பர்ட் என்னும் ஆங்கில மருத்துவர் நூல் எழுதினார். 1741இல் சுவீடன் நாட்டு உப்சாலா நகரில், செல்சியசின் துணைவரான ஹியோர்ட்டர், வானில் சோதி தோன்றும்போது திசைகாட்டியின் முள்ளும் அலைவதைக் கண்டார். எங்கோ உயரத்தில் ஆடும் ஒளிக்கும் மேசைமேல் கிடக்கும் முள்ளுக்கும் என்ன உறவு? இவ்வினா நூற்றைம்பது ஆண்டுகள் தெளிவான விடையின்றிக் கிடந்தது. கதிரவனுக்கும் பூமியின் காந்தப் புயல்களுக்கும் தொடர்பில்லை என்று 1892இல் பேரறிஞர் கெல்வின் கூறினார். அவர் சொல்லை மறுத்துரைக்கத் துணிந்தவர் சிலரே.

அச்சிலருள் ஒருவர் நார்வே நாட்டுக் கிறித்தியான் பிர்க்லாந்து. கதிரவன் கேதோடு கதிர்களை வீசுகிறது என்றும், பூமியின் காந்தம் அவற்றைத் துருவப் பகுதிகளுக்குத் திருப்புகிறது என்றும் 1896இல் அவர் கூறினார். மறு ஆண்டே, அக்கதிர்கள் எலெக்ட்ரான்களின் ஓட்டம் என்பதைத் தாம்சன் காட்டினார். பிர்க்லாந்து நாற்காலியில் அமர்ந்து எண்ணியதோடு நிற்கவில்லை. வடநார்வேயின் பனிமலை உச்சியில் குளிர்காலம் முழுதும் தங்கி ஆராய்ந்தார். அம்முயற்சியில் அவருடன் சென்ற ஒருவர் பனிச்சரிவில் உயிரிழந்தார். பின்னர் ஆய்வுக்கூடத்தில், காற்றை நீக்கிய பேழையினுள் காந்த உருண்டை ஒன்றை வைத்துக் கதிர்களைச் செலுத்தினார். உருண்டையின் இரு துருவங்களையும் சூழ்ந்து ஒளி வளையங்கள் தோன்றின!

துருவங்களில் மட்டும் ஒளிர்வது ஏன்? எலெக்ட்ரான் காந்த விசைக் கோடுகளைக் குறுக்கே எளிதிற் கடக்க இயலாது. கொழுகொம்பைச் சுற்றும் கொடிபோல, ஒரு கோட்டைச் சுற்றிச் சுருண்டு சுருண்டு அதன் வழியே செல்லும். அக்கோடுகளோ துருவங்களை அடுத்தே பூமியினுள் இறங்குகின்றன. இறங்குமிடத்தில் காந்தம் வலுப்பதால் பெரும்பாலானவை திருப்பியனுப்பப்படும். கோட்டையொட்டி நேராக வருவனவே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் உயரம்வரை இறங்கி ஆக்சிஜன் அணுக்களைத் தாக்கும். தாக்குண்ட அணுக்கள் பச்சை ஒளியை உமிழும்.

இக்கோடுகளின் வழியே விண்வெளிக்கும் காற்றுமண்டலத்துக்கும் இடையே மின்னோட்டம் பாய்கிறது என்றும் பிர்க்லாந்து கூறினார். இதனை அறிஞர் பலர் ஏற்கவில்லை. மின்னோட்டம் காற்றுமண்டலத்துக்குள்ளேயே சுற்றி முடிகிறது என்று சிட்னி சாப்மன் வாதிட்டார். 1917இல் தோக்கியோவில், 49ஆம் வயதில் பிர்க்லாந்து மறைந்தார். அரைநூற்றாண்டு கழிந்து, 1960களிலும் 1970களிலும் பறந்த செயற்கைக் கோள்களின் காந்தமானிகள் அவர் கூறிய மின்னோட்டங்களைக் கண்டறிந்தன. இன்று அவை அவர் பெயராலேயே வழங்குகின்றன.

எனினும் அவர் கூற்றிலும் ஒரு குறை இருந்தது. கதிரவனின் எலெக்ட்ரான்கள் நேரே வந்து சோதியை ஏற்றுவதில்லை. கதிரவக் காற்று பூமியின் காந்தப் புலத்தை இரவுப் பக்கமாக நெடிய வால்போல் இழுக்கிறது. அவ்வாலில் தேங்கிய ஆற்றல் திடீரென விடுபட, எலெக்ட்ரான்கள் பூமியை நோக்கி விரைகின்றன. காற்றுமண்டலத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மேலே அவை மீண்டும் விசை பெறுகின்றன. காந்தக் கோடுகளில் எழும் அலைகள் எலெக்ட்ரான்களை அவ்வாறு உந்த வல்லவை என்பதை 2021இல் அமெரிக்க ஆய்வாளர் ஆய்வுக்கூடத்திலேயே மெய்ப்பித்தனர்.

கெல்வினின் பெரும்புகழ் அவர் கருத்தை உண்மையாக்கவில்லை. பிர்க்லாந்தின் அருமுயற்சியும் அவர் பிழையை மறைக்கவில்லை. அவ்வாறிருக்க, என் விடை மட்டும் திருத்தத்துக்கு அப்பாற்பட்டதாகுமா? அன்று வினவிய மாணவன் இன்று எங்கிருக்கிறானோ, அறியேன். இவ்வுரை அவன் செவியில் விழுமானால், நான் அன்று அளித்த விடையின் மறுபாதி இதுவெனக் கொள்வானாக.