போவிடோன் அயோடின்: பயன்களும் பாதுகாப்பும்

அம்பத்தூர் தொழிற்பேட்டைப் பட்டறைகளின் முதலுதவிப் பெட்டிகளிலும், ஆவடி, பூந்தமல்லி பகுதி இல்லங்களிலும் பரவலாகக் காணப்படும் பழுப்பு நிறக் கிருமிநாசினி போவிடோன் அயோடின் ஆகும். இது பெட்டாடின் முதலிய வணிகப் பெயர்களில் கிடைக்கிறது.

செயல்படும் விதம்

இம்மருந்தில் அயோடின், போவிடோன் என்னும் பொருளுடன் பிணைந்துள்ளது. தோலில் பட்டதும் சிறிது சிறிதாக விடுபட்டு பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் ஆகியவற்றை அழிக்கிறது. 10 விழுக்காட்டுக் கரைசலில் செயல்படும் அயோடின் ஏறத்தாழ 1 விழுக்காடே. ஆகவே பழைய டிங்சர் அயோடினைவிட எரிச்சல் குறைவு.

பயன்படுத்தும் முறை

• காயத்தை முதலில் ஓடும் நீரில் நன்கு கழுவவும். எண்ணெய்ப் பிசுக்கும் இரும்புத் துகளும் படிந்திருந்தால் மருந்து முழுமையாகச் செயல்படாது.
• மெல்லியதாகத் தடவி, உலர்ந்த பின்னரே கட்டுப் போடவும். ஈரத்துடன் இறுகக் கட்டினால் தோல் வெந்து புண்ணாகலாம்.
• ஆழமான வெட்டுக்காயம் எனில், சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்தபடி உடனே மருத்துவமனைக்குச் செல்லவும். தேவைப்படின் டெட்டனஸ் தடுப்பூசி அளிக்கப்படும்.

யார் தவிர்க்க வேண்டும்?

• பச்சிளங்குழந்தைகள்: தொப்புள்கொடியில் இதைத் தடவாதீர்கள். மெல்லிய தோல் வழியே உட்செல்லும் அயோடின், தைராய்டு சுரப்பியின் செயலைக் குறைக்கக்கூடும். மூளை வளர்ச்சிக்குத் தைராய்டு ஹார்மோன் இன்றியமையாதது. ஏற்கெனவே பலமுறை தடவியிருந்தால் அதனை மருத்துவரிடம் தெரிவியுங்கள்; எளிய இரத்தப் பரிசோதனை போதுமானது.
• தைராய்டு நோயாளிகள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், சிறுநீரகச் செயலிழப்பு உள்ளோர், லித்தியம் மாத்திரை உட்கொள்வோர்: மருத்துவர் ஆலோசனையின்றிப் பயன்படுத்தலாகாது.
• பரந்த தீக்காயங்களில் தடவக் கூடாது.
• கதிரியக்க அயோடின் பரிசோதனை அல்லது சிகிச்சைக்குச் செல்வோர், இம்மருந்தைப் பயன்படுத்தியதை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

எச்சரிக்கை

காயத்திற்கான கரைசலைக் கொண்டு வாய் கொப்பளிக்காதீர்கள்; அதற்கெனத் தனித் தயாரிப்பு உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடுடன் கலக்காதீர்கள். குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும். தவறுதலாக விழுங்கினால் வாந்தி எடுக்கச் செய்யாமல், 108 அவசர ஊர்தியை அழைத்து, மருந்துப் புட்டியையும் உடன் கொண்டு செல்லவும்.

மருத்துவரை எப்போது அணுக வேண்டும்?

அரிப்பு, தடிப்பு, மூச்சுத்திணறல், சீழ், பரவும் சிவப்பு, காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் தாமதிக்கலாகாது. நீரிழிவு நோயாளிகள், காலில் ஏற்படும் சிறு காயத்திற்கும் வீட்டு மருந்தோடு நிறுத்திவிடாமல், அருகிலுள்ள அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தை அணுக வேண்டும். பொதுவான ஐயங்களுக்கு 104 மருத்துவ உதவி எண்ணை அழைக்கலாம்.