தொண்டைமான் வீட்டு விளக்கு

காஞ்சிபுரத்துக்குப் பட்டு எடுக்கப் போறவங்க வரதராஜர் கோவிலுக்கும் ஒரு எட்டு போய்ட்டு வருவாங்க. நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் என் மனசுல இருந்தது ஒரு படைத்தலைவர்: கருணாகரத் தொண்டைமான்.

முதலாம் குலோத்துங்கன் காஞ்சியில் தங்கியிருக்கிறான். கலிங்க மன்னன் அனந்தவர்மன் திறை கட்டவில்லை என்று தெரிகிறது. தொண்டைமான் படையோடு பாலாற்றைக் கடந்து வடக்கே போகிறார். ஜெயங்கொண்டாரின் 'கலிங்கத்துப்பரணி' சொல்லும் கதை இது. கலிங்கத்து ஊர்கள் எரிந்ததையும் அதே பரணி மறைக்காமல் பாடுகிறது. பள்ளியில் எனக்கு வெற்றி மட்டும்தான் ஞாபகத்தில் நின்றது.

1118இல் பட்டத்துக்கு வந்த விக்கிரமசோழன்மீது ஒட்டக்கூத்தர் பாடிய உலாவிலும் தொண்டைமான் வருகிறார். இரண்டு அரசர்களைப் பார்த்த நீண்ட உத்தியோகம்!

வரதராஜர் கோவில் கல்வெட்டு ஒன்று அவரை வேறு மாதிரி காட்டுகிறது. குலோத்துங்கனின் 43ஆம் ஆட்சியாண்டு, அதாவது சுமார் 1113. கலிங்கப் போர் முடிந்த சமயம். அத்தியூர் ஆழ்வாருக்கு, அதாவது இன்றைய வரதராஜருக்கு, ஒரு நந்தா விளக்கு வைக்கப்படுகிறது. கொடுத்தவர் தளபதி இல்லை. 'வண்டாழஞ்சேரி உடையான் வேளான் கருணாகரனாரான தொண்டைமானார் தேவியார்' அழகிய மணவாளனி மண்டையாழ்வார்.

ஊர்களை எரித்துவிட்டு வந்த மனிதரின் வீட்டிலிருந்து, அணையக் கூடாதென்று ஒரு தீபம். பரணியை இனி அந்த வெளிச்சத்தில்தான் படிக்க முடியும்னு தோணுது.