குதிரைமலையும் கார்த்திகை மீன்களும்

புத்தளம் மாவட்டக் கடற்கரையின் வடபால், செம்மண் மேடாய்க் கடலை நோக்கி நிற்பது குதிரைமலை முனை. உரோம அறிஞர் பிளினி, கி.பி. 77 அளவில் இயற்றிய 'இயற்கை வரலாறு' என்னும் நூலில், இலங்கையின் 'இப்புரோசு' என்னும் துறையைக் குறிப்பிடுகின்றார். அது குதிரைமலையே என்பது ஆய்வாளர் பலரின் கொள்கை.

செங்கடல் வரியைக் குத்தகைக்கு எடுத்தவன் அன்னியசு புளோக்காமசு. அவனால் விடுதலை பெற்ற அடிமை ஒருவன், அரபு நாட்டுக் கரையோரம் கலஞ் செலுத்துங்கால் வடகாற்றில் அகப்பட்டு, பதினைந்தாம் நாள் இத்துறையில் ஒதுங்கினான். அரசன் அவனை ஆறு திங்கள் விருந்தோம்பினான். உரோமக் காசுகளில் முகங்கள் வேறுபட்டும் எடை ஒத்திருத்தல் கண்டு வியந்து, கிளாடியசு பேரரசனிடம் (கி.பி. 41-54) தூதர் நால்வரை அனுப்பினான்.

அத்தூதர் உரோமில் சப்தரிஷி மண்டலத்தையும் கார்த்திகையையும் கண்டு, புதியதொரு வானத்தைக் கண்டாற்போல் வியந்தனர் என்கிறார் பிளினி. இதனை அவ்வாறே நம்பின், இக்கரையோர் தம் தலைக்குமேல் ஒளிரும் மீன்களையும் அறியாதவர் என்றாகிவிடும்.

உண்மை யாது? குதிரைமலை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ எட்டரைப் பாகையில் உள்ளது. அக்காலத்தில் கார்த்திகைக் கூட்டம் இங்கு ஏறக்குறைய உச்சிவானில் கடந்து சென்றது. முழுமதி அறுமீனைச் சேரும் இரவில் விளக்கேற்றும் வழக்கத்தை அகநானூறும் அறியும். சப்தரிஷி மண்டலமோ இங்கு எழுந்து மறைவது. உரோமில் அதன் மீன்கள் பெரும்பாலும் மறையாமல் வட துருவத்தைச் சுற்றுவன. அப்புதுமையைத் தூதர் வியந்திருத்தல் கூடும். கார்த்திகைக்கு அக்காரணமும் பொருந்தாது. மொழிபெயர்ப்பிலோ, கேட்டு எழுதியதிலோ பிழை நேர்ந்ததெனக் கொள்வதே தகும்.

ஆயின் கதை முழுவதும் பொய்யன்று. எகிப்தின் கீழைப் பாலைவனப் பாறையொன்றில், புளோக்காமசின் அடிமை லைசாசு என்பான் கி.பி. 6இல் தன் பெயரைப் பொறித்துள்ளான். அந்த வணிகக் குடும்பம் மெய்யாகவே வாழ்ந்தது. பழைய நூலின் ஒரு செய்தி மெய்ப்பட்டதால் மற்றதும் மெய்யாகாது. ஒன்று பிழைத்ததால் யாவும் பொய்யாகா.

கார்த்திகைக் கூட்டத்தின் ஒளிமிக்க மீன் அல்சையோன், நீலவெண்மை நிறமுடைய பெருமீன். அதன் ஒளி நம்மை அடைய ஏறத்தாழ 440 ஆண்டுகள் செல்கின்றன. கிளாடியசின் காலத்துத் தூதர் கண்ட ஒளி, அவர் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்னரே புறப்பட்டது. அவ்வொளியைத் தம் ஊரில் அண்ணாந்து கண்டு வளர்ந்தவர்களே அந்நால்வரும்.